நிலத்தில் இருந்தும் பயிருக்கு எட்டாத துத்தநாகம்

  ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துக்கொண்டால் அதன் எடை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. சாதாரண விளைநிலம் ஒன்றில் ஒரு கிலோ மண்ணுக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம் இருப்பது வழக்கமான அளவுதான். அப்படியானால் அந்த ஒரு ஹெக்டேரின் மேல்மண்ணில் மட்டும் 100 கிலோ துத்தநாகம் கிடக்கிறது. அதே நிலத்தில் 5 டன் கோதுமை விளைந்து, ஒரு கிலோ மணியில் 30 மில்லிகிராம் துத்தநாகம் சேர்ந்தால், அந்த அறுவடை மணியோடு எடுத்துப்போவது 150 கிராம். வைக்கோலையும் சேர்த்தாலும் பெரும்பாலும் கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். நூற்றுக்கணக்கான போகங்களுக்குப் போதுமான இருப்பு காலடியில் கிடக்கும்போதே சுண்ணாம்பு நிலத்துக் கோதுமையும் நெல்லும் மக்காச்சோளமும் துத்தநாகம் கிடைக்காமல் வெளுத்துக் குன்றுகின்றன. இந்தக் குறைபாட்டை மண்ணின் வறுமை என்று எண்ணியே நெடுங்காலம் மருந்து தேடினோம். இது வறுமை அல்ல, இருப்பது எட்டாமல் போவது. இதை ஒப்புக்கொண்டால் உரப் பரிந்துரை, மண் பரிசோதனை, ரகத் தேர்வு, உணவுக் கொள்கை ஆகிய நான்கையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் கட்டாயம் வருகிறது. இன்று நான் வாதிட வந்திருப்பது அதற்காகத்தான்.

எட்டாமல் போவது ஏன்? முதல் காரணம் மண்ணின் கார அமில நிலை, அதாவது பிஎச். மண்ணில் துத்தநாகம் கரையும் அளவு, பிஎச் ஒரு எண் கூடும்போது ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பிஎச் 6 உள்ள மண்ணோடு ஒப்பிட்டால், பிஎச் 8 உள்ள மண்ணின் கரைசலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கால்சியம் கார்பனேட் நிறைந்த நிலங்களின் பிஎச் பெரும்பாலும் 7.5க்கும் 8.5க்கும் இடையில் நிலைகொண்டிருக்கும். இரண்டாவது, சுண்ணாம்புத் துகள் தானே துத்தநாகத்தைத் தன் பரப்பில் பிடித்துவைக்கிறது. களிமண்ணும் இரும்பு ஆக்சைடுகளும் அதே வேலையைச் செய்கின்றன. மூன்றாவதை உழவர்கள் கண்ணால் பார்க்க முடியாது. கரைந்த சுண்ணாம்பிலிருந்து வரும் பைகார்பனேட், நெல்லின் இளவேர் வளர்ச்சியைத் தடுத்து, வேருக்குள் புகுந்த துத்தநாகமும் தண்டுக்கு ஏறாதபடி செய்துவிடுகிறது. ஆக மண்ணில் பிடிப்பு, நீரில் கரையாமை, வேருக்குள் முடக்கம் என்று மூன்று இடத்தில் தடை. இதற்கு மேல் துத்தநாகம் வேரை அடையும் வழியே மெதுவானது. நைட்ரேட்டைப் போல அது நீரோட்டத்தோடு வராது. வேருக்கு மிக அருகில், மில்லிமீட்டர் கணக்கான தொலைவுக்குள் இருப்பதுதான் மெல்லப் பரவி வந்து சேரும். மேல்மண் காய்ந்துபோனால் அந்தப் பரவலும் நின்றுவிடும். மானாவாரிக் கோதுமையில் வறட்சியும் துத்தநாகக் குறைபாடும் ஒன்றையொன்று மோசமாக்குவது இதனால்தான்.

நெல்லின் கதை வேறு. அங்கே தண்ணீர் நிறைய இருப்பதே சிக்கல். சேறாக்கித் தண்ணீர் கட்டிய வயலில் காற்று அற்றுப்போகிறது. கரியமில வாயு தேங்கிப் பைகார்பனேட் கூடுகிறது. துத்தநாகம் சல்பைடாகவும் கார்பனேட்டாகவும் படிந்து ஒதுங்குகிறது. நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில், தூர் கட்ட வேண்டிய நேரத்தில், இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்து, முதிர்ந்த இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற பழுப்புப் புள்ளிகள் பரவி, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். இமயமலை அடிவாரத்துத் தராய் நிலங்களில் இதைக் கைரா நோய் என்று அழைத்தார்கள். பந்த்நகரில் தாவர நோயியல் அறிஞர் ஒய். எல். நெனே 1966இல் இதற்குக் காரணம் துத்தநாகக் குறைபாடு என்று காட்டினார். ஹெக்டேருக்கு 5 கிலோ துத்தநாக சல்பேட்டும் இரண்டரைக் கிலோ நீற்றிய சுண்ணாம்பும் 1000 லிட்டர் நீரில் கலந்து தெளித்ததும் பயிர் தேறியது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் யோஷிதாவும் தனாகாவும் சுண்ணாம்பு நிலத்து நெல்லிலும் இதே குறைபாட்டை 1969இல் எடுத்துரைத்தார்கள். நோய்க்கிருமியைத் தேட வேண்டிய இடத்தில் ஊட்டச்சத்தைத் தேடியதால் கிடைத்த வெற்றி இது. ஒரு துறை தன் எல்லையைத் தாண்டி வெளியே பார்த்ததால் கைகூடியது என்பதையும் மறக்கக்கூடாது.

இந்தக் குறைபாட்டின் முழு வடிவத்தையும் காட்டும் இடம் துருக்கியின் நடு அனடோலியா. ஆண்டுக்கு முந்நூறு நானூறு மில்லிமீட்டர் மழை, சுண்ணாம்பு செறிந்த மேட்டுநிலம், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. 1990களின் தொடக்கத்தில் துருக்கி முழுவதிலுமிருந்து திரட்டிய 1511 மண் மாதிரிகளை ஆய்ந்தபோது, விளைநிலத்தில் சரிபாதி, அதாவது ஏறத்தாழ 1.4 கோடி ஹெக்டேர், துத்தநாகக் குறைபாடு கொண்டது என்று தெரிந்தது. 1993இல் சுகுரோவா பல்கலைக்கழகத்தின் இஸ்மாயில் சக்மாக் முன்னின்று, நேட்டோவின் அறிவியல் நிதியோடு பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது. எஸ்கிஷெஹிர்ப் பகுதியில் பயிருக்குக் கிடைக்கும் துத்தநாகம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அளவுக்கே இருந்த வயல்களில், துத்தநாகம் இட்ட பாத்தியும் இடாத பாத்தியும் இரு வேறு பயிர்கள் போலத் தோன்றின. விளைச்சல் பல மடங்கு கூடியது. சில இடங்களில் துத்தநாகம் இல்லாமல் கோதுமை பயிரிடுவதே கட்டுப்படியாகாது என்ற நிலை. தழைச்சத்தும் மணிச்சத்தும் கூட்டிக்கொண்டே போனாலும் அசையாத பயிர், ஹெக்டேருக்குச் சில கிலோ துத்தநாகத்தில் எழுந்து நின்றது. அந்த நாட்டின் உர ஆலைகள் கலப்பு உரத்திலேயே துத்தநாகத்தைச் சேர்க்கத் தொடங்கின. பத்தாண்டு கழிவதற்குள் அவ்வாறு துத்தநாகம் சேர்ந்த உரங்களின் பயன்பாடு ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்ற அளவை எட்டியது. உழவர் தனியே ஒரு பொட்டலம் வாங்கித் தனியே இட வேண்டிய தேவை அங்கே இல்லாமல் போனது. இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாப் பரப்புரைகளையும்விடப் பலன் தந்தது என்பது என் கருத்து.

அனடோலியாவை நான் முன்னே வைப்பதற்கு விளைச்சல் மட்டும் காரணம் அல்ல. அந்த நாட்டின் அன்றாட உணவில் கலோரியின் பெரும்பங்கு, ஏறத்தாழப் பாதி, கோதுமையிலிருந்து வருகிறது. துத்தநாகம் குன்றிய பயிரின் மணியிலும் துத்தநாகம் குன்றும். அந்த மணியையே முதன்மை உணவாக உண்பவர் உடலிலும் குன்றும். இதற்கு முன்னோடியான சான்று பக்கத்து நாட்டிலிருந்தே வந்தது. பீகாரில் பிறந்து பாட்னாவில் மருத்துவம் படித்த ஆனந்த பிரசாத் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றினார். அங்கே 21 வயது இளைஞர் ஒருவர் பத்து வயதுச் சிறுவனைப் போலத் தோன்றினார். புளிக்கவைக்காத முழுக்கோதுமை ரொட்டியே அவருடைய உணவு. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. இது போன்றவர்களைக் குறித்து பிரசாத் 1961இல் எழுதினார். பின்னர் எகிப்தில் நடந்த ஆய்வில், 1963இல், குறைபாடு துத்தநாகத்தில்தான் என்று உறுதியானது. மனித உடலுக்குத் துத்தநாகத் தட்டுப்பாடே வராது என்ற அதுவரையிலான நம்பிக்கை அங்கே உடைந்தது. ஷிராஸ் இருக்கும் பார்ஸ் மாகாணத்து நிலங்கள் சுண்ணாம்பு மிகுந்தவை என்பதை அந்த மருத்துவ வரலாற்றோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது முறை. இளைஞரின் உடலைத் தனியாகவும் அவர் உண்ட கோதுமை விளைந்த நிலத்தைத் தனியாகவும் இரு துறைகள் பிரித்துப் பார்த்தவரை இந்தத் தொடர்பு பேசப்படவில்லை.

இங்கே நேர்மையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஷிராஸ் இளைஞரின் குறைபாட்டுக்கு மண் மட்டும் பொறுப்பு அல்ல. கோதுமையின் தவிட்டிலும் முளையிலும் பாஸ்பரஸ், பைட்டேட் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. அந்தப் பைட்டேட் குடலில் துத்தநாகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். உணவில் பைட்டேட்டுக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள மோல் விகிதம் 15ஐத் தாண்டினால் உடலில் சேர்வது வெகுவாகக் குறையும் என்பது ஊட்டச்சத்து அறிஞர்கள் கைக்கொள்ளும் அளவுகோல். மாவைப் புளிக்கவைத்தால் பைட்டேட் சிதையும். புளிக்காத ரொட்டியில் அது அப்படியே நிற்கும். இந்த விகிதத்தின் இரு பக்கத்தையும் நிலமே தீர்மானிக்கிறது என்பதுதான் என் வாதத்துக்கு வேண்டிய செய்தி. மணிச்சத்து உரத்தைத் தாராளமாக இட்டால் மணியில் பைட்டேட் கூடும். அதே மணிச்சத்து, துத்தநாகத்தைத் திரட்டிக் கொடுக்கும் வேர்ப்பூசணங்களின் பரவலைக் குறைத்து மணியில் துத்தநாகத்தைக் குறைக்கும். ஒரே உரமூட்டை விகிதத்தின் மேலெண்ணைக் கூட்டுகிறது, கீழெண்ணைக் குறைக்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: தடை சுண்ணாம்பு என்றால் சுண்ணாம்பையே ஒழித்துவிடலாமே, கந்தகம் இட்டுக் காரத்தன்மையைக் குறைக்கலாமே என்பது. கேட்க எளிது. கணக்குப் போட்டால் நிற்காது. 20 லட்சம் கிலோ மேல்மண்ணில் 1 விழுக்காடு சுண்ணாம்பு என்றால் 20,000 கிலோ. 100 பங்கு கால்சியம் கார்பனேட்டைத் தீர்க்க 32 பங்கு கந்தகம் வேண்டும் என்பதால், அந்த ஒரு விழுக்காட்டுக்கே 6,400 கிலோ கந்தகம் செலவாகும். 10 விழுக்காடு சுண்ணாம்புள்ள நிலத்துக்கு 64 டன். எந்த உழவராலும் இயலாது, எந்த அரசாலும் மானியம் தர இயலாது. விதைச்சாலை ஒட்டிச் சிறிதளவு கந்தகம் இட்டு வேரருகே மட்டும் காரத்தைத் தணிப்பது வேறு, அது பயன் தரக்கூடியது. நிலத்தையே மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வேறு.

இரண்டாவது மறுப்பு மனத்துக்கு நெருக்கமானது, அதனால் கூடுதல் கவனத்தோடு விடை சொல்ல வேண்டியது. தொழு உரத்தை விட்டுவிட்டு மூட்டை உரத்துக்குப் போனதால் வந்த வினை இது, தொழு உரத்துக்குத் திரும்பினால் துத்தநாகம் தானே கிடைக்கும் என்கிறார்கள் இயற்கை வேளாண்மை நண்பர்கள். இதில் பாதிக்கு மேல் உண்மை. மக்கும் பொருளிலிருந்து வரும் கரிம அமிலங்கள் துத்தநாகத்தைக் கவ்வி, சுண்ணாம்பிடம் சிக்காமல் கரைசலில் வைத்திருக்கின்றன. மண்ணில் ஈரம் தங்குவதால் பரவலும் நீடிக்கிறது. ஆனால் குறைபாடுள்ள நிலத்தின் வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணத்திலும் அந்தக் குறைபாடு தொடரும். அந்தச் சாணத்தை அதே நிலத்துக்குத் திருப்பினால் குறைபாடு சுழலுமே தவிர தீராது. ஆகவே தொழு உரமா துத்தநாக சல்பேட்டா என்று எதிரெதிரே நிறுத்துவது பயனற்றது. துத்தநாக சல்பேட்டைத் தொழு உரத்தோடு கலந்து ஈரப்பதத்தில் சில வாரம் வைத்திருந்து இடும் முறையில் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. சுண்ணாம்பு நிலத்தில் குறைந்த அளவு சல்பேட்டிலேயே நிறைந்த பலன் பெற இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை.

மூன்றாவது: ரகங்களை மாற்றிவிடலாம் என்பது. பயிர்களுக்குள் வேறுபாடு பெரிது. அனடோலிய ஆய்வில் ரை என்ற தானியம் குறைபாட்டை ஏறத்தாழப் பொருட்படுத்தவே இல்லை. அடுத்து டிரிட்டிகேல், பார்லி, ரொட்டிக் கோதுமை, ஓட்ஸ் என்று இறங்கிவந்து, மிகவும் நொந்தது டியூரம் கோதுமை. ஆனால் அந்த நாட்டார் புல்குரும் மாவுப் பண்டங்களும் செய்வது டியூரத்தில். நிலம் கொடுக்கவில்லை என்பதற்காக அவர்களை ரை தின்னச் சொல்ல முடியாது. மணியில் துத்தநாகம் செறிந்த ரகங்களை உருவாக்கும் பணி மதிப்புள்ளது. வங்கதேசம் 2013இல் பிரி தான் 62 என்ற நெல்லை வெளியிட்டது. இந்தியாவில் 2016இல் டிஆர்ஆர் தான் 45 வந்தது. ஆனால் ரகம் என்பது கிடைப்பதை மணிக்கு அதிகமாக அனுப்பும் திறமை. கிடைக்காததை அது உண்டாக்காது. ரகத்தின் விளைவை எதிர்த்திசையில் காட்டும் சான்று இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் இருக்கிறது. 1843 முதல் நடக்கும் பிராட்பால்க் வயல் சோதனையில் சேமித்துவைத்த கோதுமை மணிகளை ஆய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, 1960களின் பிற்பகுதியில் குட்டை ரகங்கள் வந்ததிலிருந்து மணியில் துத்தநாகம் இறங்கியிருக்கிறது. மண்ணில் துத்தநாகம் குறையவில்லை. மகசூல் கூடியபோது அதே துத்தநாகம் அதிக மாவுச்சத்துக்குள் பரவிப்போனது. மண்ணில் துத்தநாகம் குறையாத இடத்திலேயே இப்படி என்றால், கிடைப்பதே அரிதான நிலத்தில் குட்டை ரகம் பரவியதன் விளைவை ஊகிக்கலாம்.

நான்காவது மறுப்பு அளவுகோலைப் பற்றியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நுண்ணூட்ட ஆய்வுத் திட்டம் 2018இல் தொகுத்த கணக்கில் நாட்டின் மண் மாதிரிகளில் 36.5 விழுக்காடு துத்தநாகக் குறைபாடு கொண்டவை. தமிழ்நாட்டு மாதிரிகளில் அது 60 விழுக்காட்டுக்கும் மேல். எல்லைக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறும் இறங்கும், ஆகவே இதை வைத்து உரம் விற்கிறார்கள் என்று ஐயப்படுவோர் உண்டு. ஐயம் நியாயமானதே. லிண்ட்சேயும் நார்வெல்லும் 1978இல் வகுத்த டிடிபிஏ முறை, பயிர் எடுக்கக்கூடிய பங்கை மட்டும் மதிப்பிட முனைகிறது. மொத்த இருப்பை அளப்பதைவிட இது மிக நல்லது. ஆனாலும் ஒற்றை எண் சேற்று நெல்லுக்கும் மானாவாரிச் சோளத்துக்கும் ஒருசேரப் பொருந்தாது. ஐயத்துக்கு விடை பரிசோதனையைக் கைவிடுவதல்ல, அதை நுணுக்கமாக்குவது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் துத்தநாகமும் பிஎச்சும் உள்ளன. கட்டற்ற சுண்ணாம்பின் விழுக்காடு அட்டையின் பன்னிரண்டு அளவீடுகளில் இல்லை. சுக்கான்கல் கலந்த கோவை, திருப்பூர், திண்டுக்கல் கரிசல் நிலங்களுக்கு அந்த ஓர் எண் இல்லாமல் துத்தநாக எண்ணை எப்படிப் படிப்பது? நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைப்பதைக் கண்டே தோராயமாகச் சொல்லக்கூடிய தகவல் இது.

இடும் துத்தநாகம் மண்ணில் நச்சாகச் சேர்ந்துவிடாதா என்றும் கேட்கிறார்கள். நம் நெல் வயலுக்கான பரிந்துரை, ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ மணலோடு கலந்து நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவுவது. அதில் துத்தநாகம் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். மேல்மண்ணின் 100 கிலோவோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு. சுண்ணாம்பு மண்ணில் இது நஞ்சாகும் தூரம் வெகு தொலைவு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகந்தோறும் கொட்ட வேண்டும் என்பதில்லை. ஒரு முறை இட்டதன் மிச்சம் அடுத்தடுத்த பயிர்களுக்கும் உதவும், சுண்ணாம்பில் அது விரைவாகத் தேயும் என்றாலும். பரிசோதித்து, தேவைப்படும் போகத்தில் இடுவதே அறம். டிஏபியோடு கலந்து இட்டால் இரண்டும் இறுகி வீணாகும் என்பதை உரக்கடையிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

கடைசியாக, மிகக் கடினமான மறுப்பு. துத்தநாகத்தால் விளைச்சல் கூடாத இடத்தில் உழவர் ஏன் அதற்குச் செலவிட வேண்டும்? இந்தியா, சீனா, பாகிஸ்தான், துருக்கி, கஜகஸ்தான், மெக்சிகோ, ஜாம்பியா ஆகிய ஏழு நாடுகளில் இடத்தையும் ஆண்டையும் சேர்த்து எண்ணினால் 23 வயல் சோதனைகளாகக் கோதுமையில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு இதை மறைக்காமல் காட்டுகிறது. மண்ணில் இட்ட துத்தநாகம் பாகிஸ்தான் தவிர மற்ற நாடுகளில் விளைச்சலைப் பெரிதாகக் கூட்டவில்லை, மணியின் துத்தநாகத்தையும் சிறிதே உயர்த்தியது. கதிர் வந்த பிறகும் பால் பிடிக்கும் நேரத்திலும் இலைவழியாகத் தெளித்தபோதுதான் மணியின் துத்தநாகம் கிலோவுக்கு 27 மில்லிகிராமிலிருந்து 48 வரை ஏறியது. பயிரின் குறையைத் தீர்க்க மண்ணில் இடு, உண்பவரின் குறையைத் தீர்க்க இலையில் தெளி என்று இரு வேறு வேலைகள் இங்கே பிரிகின்றன. முதல் வேலைக்கு உழவர் பணம் கொடுப்பார், விளைச்சலில் திரும்பப் பெறுவார். இரண்டாவதில் அவருக்குக் கூலியும் தெளிப்பானும் செலவு, பலன் யாரோ ஒரு குழந்தைக்கு. வயிற்றுப்போக்கு கண்ட, ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் அறிவித்தன. அந்த மாத்திரைக்கு அரசு செலவிடுகிறது, செலவிடவும் வேண்டும். மாத்திரை நோய்க்கு, அன்றாட உணவு வளர்ச்சிக்கு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. அப்படியிருக்க மணியில் துத்தநாகத்தை ஏற்றும் செலவை உழவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. பூச்சிமருந்துக்கு எப்படியும் வயலில் இறங்கும் தெளிப்போடு அரை விழுக்காடு துத்தநாக சல்பேட்டைச் சேர்ப்பது, இரண்டும் ஒத்துப்போகுமா என்று பார்த்துச் செய்தால், கூடுதல் கூலியை மிச்சப்படுத்தும். துத்தநாக சல்பேட்டின் விலையை, அந்த நெல்லையும் கோதுமையையும் வாங்கிப் பொது விநியோகத்தில் கொடுக்கும் அரசு ஏற்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் இன்று ஈரப்பதத்தையும் கலப்படத்தையும் பார்த்து விலை போடுகிறோம். சுண்ணாம்பு நில மாவட்டம் ஒன்றில் சில நிலையங்களை மட்டும் தெரிந்தெடுத்து, மணியின் துத்தநாகத்தையும் மாதிரி எடுத்து அளந்து, அதற்கென ஒரு சிறு ஊக்கத்தொகையை இரண்டு மூன்று போகம் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு நிதித்துறை, வேளாண்துறை, சுகாதாரத்துறை மூன்றும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று இந்த அவையின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.